ஆனந்தவல்லியின் குக்கர் பிஸ்கட்

ஆனந்தவல்லிக்கு ஒரு வேலை வராது என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், அதைச் செய்து முடிக்காமல் அவள் தூங்கமாட்டாள். பாபநாசத்தில் பிறந்து பூதலூரில் வாக்கப்பட்டு முப்பது வருஷம் ஆகிறது. ஸ்கூட்டி ஓட்ட வராது என்றார்கள். ஐம்பது வயதில் வாய்க்கால் கரையில் பழகி, இரண்டு தடவை வாய்க்காலுக்குள்ளேயே இறக்கிவிட்டு, இப்போது தஞ்சாவூர் வரைக்கும் போய்வருகிறாள்.

அவள் பிஸ்கட் சுடக் கிளம்பியது மட்டும் வீம்புக்காக இல்லை, பயத்தில். வீட்டுக்காரர் ரெங்கசாமிக்குச் சர்க்கரை. விடியற்காலை வயலுக்குப் போகிற வழியில் டீக்கடையில் நின்று, ஆறு பட்டர் பிஸ்கட்டை டீயில் முக்கித் தின்றால்தான் மனுஷனுக்குக் கால் நடக்கும். “அந்த பிஸ்கட்டை நிறுத்துங்க. மூணு மாசத்துல இறங்கலைன்னா ஊசிதான்” என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

“காலையில கடிக்க ஏதாவது வேணும்ல?” என்றார் ரெங்கசாமி.

“நான் சுட்டுத் தர்றேன்.”

“உனக்கு பிஸ்கட் சுடல்லாம் வராது வல்லி.”

போச்சா! சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் அனுராதா ஃபோனில் வழி சொன்னாள். வீட்டில் ஓவனா இருக்கிறது? பழைய குக்கரில் கல் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே தட்டை வைத்தாள். சொந்த வயலில் விளைந்த மாப்பிள்ளைச் சம்பாவை வறுத்து அரைத்த மாவு, கொஞ்சம் கேழ்வரகு, ஓட்ஸ், எள்ளு, பொடித்த வேர்க்கடலை. சர்க்கரை கிடையாது, இனிப்புக்குப் பாதிப் பூவன் பழம்தான். முதல் தட்டு கரி. இரண்டாவது தட்டை அம்மிக்குழவியால்தான் உடைக்க முடிந்தது. ஐந்தாவது தட்டு, அடடா! தெருவே மணந்தது. தானே நாலு தின்றுவிட்டு, அடுப்படியில் ஒரு சுற்று ஆடியும் பார்த்தாள்.

ரெங்கசாமி டப்பாவைத் திறந்து பார்த்தார். பழுப்பு நிறம், சொரசொரவென்று வட்டம். “என்னடி இது, புண்ணாக்கு மாதிரி இருக்கு?” என்றார். அவள் முறைத்த முறைப்பில் ஐந்தை எடுத்துத் துண்டு முனையில் முடிந்துகொண்டு, “வயல்ல போய்த் தின்னுக்கறேன்” என்று நழுவினார்.

தினமும் காலையில் டப்பாவைத் திறந்து ஐந்து. மூன்று மாசமும் டப்பா காலியாகக் காலியாக ஆனந்தவல்லிக்குத் தலைகால் புரியவில்லை. அனுராதாவிடம் தினமும் பெருமை. “உங்கப்பா ஒண்ணுகூட மீதி வைக்கிறதில்லடி!”

டெஸ்ட் ரிசல்ட் வந்தது. சர்க்கரை இறங்கவில்லை, ஏறியிருந்தது.

கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்தவள் அழுதே விட்டாள். மாமனாருக்கு இதே சர்க்கரையில்தான் காலை எடுத்தார்கள். கடைசி இரண்டு வருஷம் அவரைத் தூக்கி உட்கார வைத்தவள் அவள். “என் கைப்பக்குவம் தோத்துப்போச்சு” என்று மூக்கைச் சிந்திக்கொண்டே, மிச்சமிருந்த பிஸ்கட்டைக் குப்பையில் கொட்டத் தகர டப்பாவை எடுத்துவந்து மூடியைத் திறந்தாள்.

‘டங்’ என்று சத்தம் கேட்டதுதான் தாமதம். கொட்டகையில் இருந்த செவலைப் பசு, “ம்ம்மா!” என்று கத்திக்கொண்டு, முளைக்குச்சியைப் பிடுங்கி இழுத்தபடி ஓடிவந்து டப்பாவுக்குள் மூஞ்சியை விட்டது. அத்தனையையும் தின்று, அவள் முழங்கையையும் நக்கியது.

ஆனந்தவல்லி பசுவைப் பார்த்தாள். பிறகு கொல்லை வாசற்படியில் நின்ற புருஷனைப் பார்த்தாள். ரெங்கசாமி வானத்தைப் பார்த்தார்.

“என்னங்க, மூணு மாசமா இதுக்குத்தான் போட்டீங்களா?”

“அது… புண்ணாக்கு மாதிரி இருந்துதா…”

“தின்னு பார்த்தீங்களா?”

“இல்ல.”

“அப்ப டீக்கடையில ஆறு பிஸ்கட்?”

“எட்டு” என்றார், உண்மை விளம்பி.

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “கழுதைக்குத் தெரியாத கற்பூர வாசனை மாட்டுக்குத் தெரிஞ்சிருக்கே!” அவர் அசட்டுச் சிரிப்பு சிரிக்க, அவள் சட்டென்று அவர் கையைப் பிடித்தாள். “வெளையாட்டு இல்லங்க. மாமாவைத் தூக்கினேன். உங்களைத் தூக்க எனக்குத் தெம்பு கிடையாது. பயமா இருக்கு.”

ரெங்கசாமி டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். டப்பாவின் மூலையில் பசுவின் நாக்குக்கு எட்டாமல் ஒன்று மாட்டிக்கிடந்தது. எடுத்தார், வேட்டியில் துடைத்தார், கடித்தார். மெல்ல மெல்ல அவர் கண் அகலமானது.

“ஏய் வல்லி, இன்னொரு தட்டு வைக்க எவ்வளவு நேரமாகும்?”

அடுத்த நாளிலிருந்து டீக்கடையில் சர்க்கரையில்லாத டீ மட்டும், கடிக்க மடியில் வல்லி சுட்ட பிஸ்கட். வீட்டில் டப்பா மூடியைக்கூடச் சத்தமில்லாமல்தான் திறப்பார், செவலைக்குக் கேட்டுவிடும். மூன்று மாசம் கழித்து டாக்டர் ரிசல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லா இறங்கியிருக்கே! ஊசி இப்ப வேண்டாம். பட்டர் பிஸ்கட்டை நிறுத்திட்டு என்னதான் சாப்பிட்டீங்க?”

“மாட்டுத் தீவனம் டாக்டர். கெஞ்சி வாங்கித் திங்கிறேன்” என்றார் ரெங்கசாமி.