ஆக்னஸ் திருத்திய செம்பனைக் குலை

புதன்கிழமை காலை ஒன்பதரை மணி. கெலாங் பாத்தாவில் ஒரு செய்தியாளர் கூட்டம் தொடங்குவதற்காகக் காத்திருந்தபோது குளுவாங்கிலிருந்து அழைப்பு வந்தது. "அங்கிள், ஆக்னஸ் அத்தை தவறிட்டாங்க. தூக்கத்துலயே போய்ட்டாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு சர்ச்சுல பூசை" என்றார் ஆக்னஸின் அண்ணன் மகள். கையிலிருந்த குறிப்பேட்டில் நேரத்தையும் இடத்தையும் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்த பிறகுதான், யாரைப் பற்றிய குறிப்பு இது என்பது மனத்தில் ஏறியது.

ஆக்னஸ் எங்கள் நாளிதழின் ஜொகூர் பாரு அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துநராக இருந்தவர். காஹாங் பக்கத்தில், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அவர் பெயர் ஒருநாளும் அச்சில் வந்ததில்லை. வாசகர்களுக்கு அவரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இப்போது தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எழுத்துப் பிழைக்கு முன்னால் அவர் எண்களைப் பார்ப்பார். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே என் விபத்துச் செய்தி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"மணியம், வேன்ல பதினோரு பேருன்னு போட்டிருக்கீங்க. ஏழு பேர் ஆஸ்பத்திரியில, மூணு பேருக்கு அடியில்ல. ஒருத்தர் குறையுறாரே, அவர் எங்க?"

போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்தேன். பதினோராவது ஆள் வேன் ஓட்டுநர். அவரை வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவர் வீட்டார் அதுவரை அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அன்றிலிருந்து என் செய்திகளில் ஆட்களை எண்ணிப் பார்க்கிறேன்.

ஆனால் அவருக்கு நான் பட்ட பெரிய கடன் ஒரு புதிரால் வந்தது. ஞாயிறு பதிப்பில் 'புதிர் மூலை' என்று ஒரு சிறு பகுதி உண்டு. ஒரு வாரம் புதிர், மறு வாரம் விடை. அதை எழுதுபவர் விடுப்பில் போனதால் இரண்டு வாரம் நான் எழுத நேர்ந்தது. பழைய புதிர் ஒன்றை எடுத்து உள்ளூர்ச் சாயம் பூசினேன்: 'ஒரு செம்பனைக் குலையின் எடை, பன்னிரண்டு கிலோவும் அதன் எடையில் பாதியும் ஆகும். குலையின் எடை என்ன?' பன்னிரண்டும் அதில் பாதியான ஆறும் சேர்த்து, விடை பதினெட்டு என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆக்னஸ் பதினெட்டின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினார். எனக்கு வெளியே போகும் அவசரம். "பழைய புதிர்தான், விடுங்க லா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எழுதியவர் உறுதி சொன்னால் அதன்பின் மெய்ப்பாளர் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் அலுவலக வழக்கம். பதினெட்டு அச்சாகிவிட்டது.

திங்கள் காலை அலுவலகத் தொலைபேசியில் ஒரு பெண் அழைத்தார். பெயர் சரஸ்வதி; கெலாங் பாத்தா பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை.

"சார், அந்தக் குலைக்கு எனக்கு இருபத்துநாலு வருது. எக்ஸ் வெச்சுத்தான் போட்டேன்."

"பேப்பர்ல வந்தது சரியாத்தான் இருக்கும்மா."

"முப்பத்தெட்டு வயசுல ஸ்கூல்ல விட்ட எஸ்.பி.எம். பரீட்சையில கணக்கு எழுதலாம்னு இருந்தேன் சார். வீட்டுல எல்லாரும் சிரிக்கிறாங்க. பேர் பதிய நாளைக்குத்தான் கடைசி. இதுவே தப்புன்னா எனக்கு வராது சார், விட்டுர்றேன்." தொலைபேசியை வைத்துவிட்டார். எண் எங்களிடம் இல்லை.

எதிர் மேசையில் ஆக்னஸ் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தாளை என் முன்னால் நகர்த்தினார்.

"பதினெட்டுல பாதி ஒன்பது. பன்னெண்டும் ஒன்பதும் இருபத்தொண்ணு. உங்க குலை ஒரே நேரத்துல பதினெட்டாவும் இருக்கு, இருபத்தொண்ணாவும் இருக்கு. எந்தத் தோட்டத்துல வெட்டினீங்க?"

பிறகு எழுதிக் காட்டினார். குலையின் எடை 'க' என்று வைத்துக்கொண்டால், க = 12 + க/2. இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிக் குலையை எடுத்துவிட்டால், இந்தப் பக்கம் பாதிக் குலை, அந்தப் பக்கம் பன்னிரண்டு. பாதி பன்னிரண்டென்றால் முழுக்குலை இருபத்துநான்கு. திருப்பி வைத்துப் பார்த்தாலும் பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துநான்குதான்.

"அலாமாக்" என்று தலையில் கைவைத்தேன். "வர்ற ஞாயித்துக்கிழமை திருத்தம் போட்டுடலாம்."

"ஞாயித்துக்கிழமை போட்டு யாருக்கு? அந்தம்மாவுக்கு நாளைக்குக் காலையில வேணும். மூணாம் பக்கத்துல, கணக்கோட போடுங்க. உங்க பேரும் வரணும். 'சரியாத்தான் இருக்கும்'னு சொன்னது உங்க குரல்தானே?"

புதிர் மூலைப் பிழைக்கு மூன்றாம் பக்கத்தில் திருத்தம் அதுவரை வந்ததில்லை. பொறுப்பாசிரியர் சிரித்தார். நான் வெட்கத்தில் பின்வாங்கியிருப்பேன். ஆக்னஸ் என்னுடன் வந்து நின்றதால் நின்றேன். "கேள்விக்குறி போட்டதோட நிறுத்திட்டேன் சார். தப்புல பாதி என்னுது" என்று அவரிடம் சொன்னார் ஆக்னஸ். செவ்வாய்க்கிழமை மூன்றாம் பக்கத்தில், என் பெயரோடு, 'சரஸ்வதி என்ற வாசகர் சொன்ன இருபத்துநான்கே சரி; நான் சொன்னது தவறு' என்று வந்தது.

சரஸ்வதி அதைப் பார்ப்பாரா என்பது தெரியாமல் செவ்வாய் முழுவதும் தொலைபேசிப் பக்கத்திலேயே இருந்தேன். மாலை நான்கு மணிக்கு மணி அடித்தது.

"சார், ஃபேக்டரி பஸ்ல கூட்டாளி ஒருத்தங்க காட்டினாங்க. அரை நாள் லீவு போட்டுப் போய்ப் பதிஞ்சுட்டேன்."

ஆக்னஸிடம் கொடுத்தேன். "எக்ஸா வெச்சீங்க? நான் 'க' வெச்சேன். என்ன வெச்சாலும் குலை ஒரே குலைதான், படிங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அடுத்த ஆண்டு முடிவுகள் வந்த வாரத்தில் சரஸ்வதி சீருடையோடு நேராக அலுவலகத்துக்கு வந்தார். ஆக்னஸ் மேசையிலிருந்த மெய்ப்புகளை ஒதுக்கி இடம் செய்தார். முடிவுத் தாளை அங்கே விரித்து, பெயரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வரியின் கீழும் பென்சில் முனையை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"கணக்குல பாஸ், ஆனா சி பிளஸ்தான் அக்கா" என்றார் சரஸ்வதி.

"அந்தத் 'தான்' எதுக்கு? வெட்டிடுங்க."

சரஸ்வதி சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆக்னஸ் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் மெல்லச் 'சரி' என்று ஒரு குறி போட்டார். மெய்ப்பாளர்கள் பிழையைத்தான் குறிப்பார்கள். சரியாக இருப்பதைத் தொடாமல் கடந்து போவார்கள். இருபத்தாறு ஆண்டுகளில் சரியான ஒன்றை அவர் குறித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

நன்றி, ஆக்னஸ். போய் வாருங்கள்.