நைனா மறுபடி மரம் ஏறிய நாள்

எங்கள் குடியிருப்பில் தேங்காய் பறிக்க ஆள் வந்திருந்தார். அவர் காலில் மாட்டிய தளைக்கயிறு மரத்தில் உரசும் சத்தம் கேட்டதும், சமையலறையில் நின்ற நான் நினைவில் ஏரிக்கரையிலிருந்த எங்கள் ஊர் தோணிரேவுக்குப் போய்விட்டேன்.

எனக்கு அப்போது பத்து வயது. நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, மரம் ஏறுவதுதான் தொழில். ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்ததில் வலது தோள்மூட்டு நழுவிவிட்டது. கட்டுப் போட்டும் நிற்கவில்லை. சட்டை மாட்டக் கையைத் தூக்கினாலே மறுபடி நழுவும். கடைசியில் மெட்ராஸில் ஆபரேஷன் செய்து, ஆறு மாதம் மரத்துப் பக்கமே போகக் கூடாதென்று அனுப்பினார்கள்.

கட்டுப் பிரித்த பிறகு, தினமும் சுவரில் விரல்களை மெல்ல மேலே நகர்த்துவார். எட்டிய இடத்தில் அம்மா கரியால் கோடு போடுவாள். சில நாள் கோடு முந்தின நாளைவிடக் கீழே இறங்கிவிடும்.

கோடு வாசல் நிலையைத் தாண்டிய வாரம், நைனா தளையைக் கையில் எடுத்தார்.

"இன்னாய்யா, அதுக்குள்ளயா?" என்றாள் அம்மா.

"டாக்டரே ஏறலாம்னு சொல்ட்டாரு."

பின்கட்டு மரத்தில் பாதிவரை வேகமாகப் போனார். பிறகு மெதுவாக. உச்சியில் மட்டையைப் பிடித்தவர் அசையாமல் நின்றுவிட்டார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"யோவ், இன்னா ஆச்சு? வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. இங்கேர்ந்து ஏரி முழுசா தெரியுது. எத்தினி நாளாச்சு! பாத்துக்கினு இருக்கேன்."

"பாத்தது போதும், எறங்கி வா!" என்று கத்தியவள், அப்படியே மணலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அன்று மத்தியானம் அம்மா இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள். நைனா விழுந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.