முதல் கவளம்

பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் அப்போது நான் ஆசிரியை. சத்துணவைப் பிள்ளைகளுக்குப் போடும் முன் ஆசிரியர் ஒருவர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. இருந்ததே தலைமையாசிரியையும் நானும்தான். மக்கிப்போன அரிசிக்கும் பாமாயில் வாடைக்கும் யார் முந்திக்கொண்டு வருவார்கள்? ஆனால் நான் முழுகாமல் இருப்பது தெரிந்ததும் அந்த வேலையைத் தலைமையாசிரியை எனக்கே கொடுத்துவிட்டார், சலுகையாக. வாயும் வயிறுமாக இருக்கிறவள், அம்மா வீடு எங்கேயோ தூரத்தில், தொழிற்சாலைக் குடியிருப்பில் தனிக்குடித்தனம், தினமும் சூடாக நாலு வாய் சாப்பிடட்டுமே என்றார். அன்பாகக் கொடுப்பதை எப்படி வேண்டாம் என்பது?

மசக்கையில் எனக்கு ஊர் நாற்றமெல்லாம் மூக்குக்குள் வந்து குடியேறியிருந்தது. அடுத்த தெருவில் தாளித்தால் இங்கே குமட்டும். சமையல்காரம்மா தட்டை என் முன் வைத்துவிட்டு, நான் விழுங்குகிற வரை நகர மாட்டார், பிள்ளைக்கு மருந்து புகட்டுகிறவர் மாதிரி. அவர் போனதும் பின்பக்கம் ஓடுவேன். பருப்பு வாடை, எண்ணெய் காறல் என்று நான் முறையிட்டபோதெல்லாம் இருவரும் மசக்கை என்று சிரித்தார்கள். பாதி நாள் அது மசக்கைதான். அதுவே எனக்கு வினையாகப் போயிற்று.

ஒரு நாள் சாம்பார் சாதத்தை வாயருகே கொண்டுபோனதும் மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. சமையல்காரம்மாவைக் கூப்பிட்டேன். வருஷக்கணக்கில் விறகுப் புகையில் நின்றவர், மூக்குப்பொடி வேறு. ஒரு வாய் போட்டுப் பார்த்தார்.

"எனுக்கு ஒண்ணியும் தெர்லியேம்மா. எல்லாம் வயித்துல கீற புள்ள பண்ற வேல" என்றார்.

தலைமையாசிரியைக்கு அன்று கடுமையான சளி. அவரும் தின்று பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

வெளியே பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பாதிப் பேரின் அம்மாக்களுக்கு அம்பத்தூர் கம்பெனிகளில் வேலை. விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகளுக்கு இதுதான் முதல் சாப்பாடு.

"நீ வேணாம்னா கொட்டிடச் சொல்றேன்" என்றார் தலைமையாசிரியை. "ஆனா அதுங்க கிட்ட நீயே போய்ச் சொல்லு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. கொட்டினால் பட்டினி போட்ட பாவம் என் தலையில். போட்டு, யாராவது வாந்தி எடுத்தால் அதுவும் என் தலையில். இந்த மூக்கை நம்பலாமா என்று எனக்கே தெரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். கடைசியில் வேண்டாம் என்றேன். போய் நானே சொன்னேன்.

முன்வரிசையில் ஒரு பெண், தட்டைக் கீழே வைக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கொஞ்சமா துன்றேன் டீச்சர், ஒண்ணும் ஆவாது" என்றாள்.

அண்டாவைக் குழியில் கவிழ்த்தார்கள். அன்று மதியம் முழுக்கப் பிள்ளைகள் குழாயடிக்குப் போய்ப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள். நான் பாடம் என்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

பள்ளி விடுகிற நேரத்தில் சமையல்காரம்மா பருப்பு மூட்டையை வகுப்பு வாசல் வரை இழுத்துக்கொண்டு வந்து புரட்டிப் போட்டார். அடிச்சாக்கு ஈரமாக இருந்தது. வண்டியில் மண்ணெண்ணெய் டின்னை ஒட்டி வைத்து ஏற்றி வந்திருக்கிறார்கள். தலைமையாசிரியையின் சளி மூக்கிலேயே அது ஏறியது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பட்டினி போட்டது வீணாகவில்லை என்பதில் அத்தனை நிம்மதி.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பினேன். அதற்குள் என் பேச்சுக்கு மறுபேச்சே இல்லை என்றாகிவிட்டது. டீச்சர் வாயில் வைத்தால் தப்பாது என்று சமையல்காரம்மா பெற்றோர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆனால் பிள்ளை பிறந்த கையோடு அந்த மூக்கு போய்விட்டது. காறிய எண்ணெயைக் கிட்டே வைத்தால்கூடச் சட்டென்று தெரிவதில்லை. இப்போது எனக்கு ஒன்றும் தெரிவதில்லை, வேறு யாராவது பாருங்கள் என்று மன்றாடினேன். தன்னடக்கம் என்று சிரித்தார்கள்.

தினமும் முதல் கவளத்தை விழுங்கிவிட்டு, நல்லாயிருக்கு என்பேன். பிள்ளைகள் சாப்பிடுவார்கள். சாயங்காலம் மணி அடிக்கும்போது, பக்கத்து வீட்டில் விட்டுவந்த கைக்குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருக்கும். நான் கேட்டருகே நின்று, வெளியே போகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.