தேசம்மா கழற்றிய கார்பரேட்டர்

லைட்ஹவுஸ் குப்பத்தில் தேசம்மாவின் பைக்கைப் பற்றி வம்பு பேசாத வாயே கிடையாது. புருஷன் முகத்தைப் பார்ப்பதை விட அந்த வண்டியைத் துடைப்பதுதான் அதிகம் என்பார்கள். இறாலை ஐஸ் பெட்டியில் போட்டு எளாவூர் வரை தானே ஓட்டிப்போய் விற்று வருகிறவள் அவள். அன்று காலை எத்தனை உதைத்தும் வண்டி கிளம்பவில்லை. பெட்டிக்குள் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

"இன்ஜின் அவுட்டு அண்ணி. பேசாம காயலாங்கடைல போட்டுடு," என்றான் கொழுந்தன் கோதண்டன். முந்தின நாள் வண்டியை இரவல் வாங்கிப் போனவன் அவன்தான்.

"நீ கம்முனு கெட."

தேசம்மா சாக்கை விரித்து உட்கார்ந்து கார்பரேட்டரைக் கழற்றினாள். வேடிக்கை பார்க்கப் பாதிக் குப்பம் கூடிவிட்டது. அடிக்கிண்ணத்தைத் திறந்து மோந்து பார்த்தவளுக்கு, மண்ணெண்ணெய் வாடை அடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"டேய், போட்டுக்கு ஊத்துற கிருஷ்ணாயில இதுல ஊத்துனியா?"

"பெட்ரோல் தீந்துடுச்சு அண்ணி. அதுவும் எண்ணெதானேன்னு..."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தேசம்மா டேங்கைக் காலி செய்தாள். பெட்ரோல் பாயும் ஜெட்டின் பொடித் துளையில் அடைத்திருந்த அழுக்கை, நண்டு வலையிலிருந்து அறுத்த நைலான் நரம்பை விட்டு எடுத்தாள். எல்லாவற்றையும் கழுவிப் பூட்டிப் பெட்ரோல் ஊற்றி உதைத்தாள். வண்டி இருமியது. விடாமல் மறுபடி உதைத்ததும் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு உறுமியது. கோழிகள் சிதறி ஓடின, பொம்பளைகள் விசிலடித்தார்கள்.

"ஏறுடா பின்னாடி," என்றாள் தேசம்மா. "எறா உரிச்சுக் குடுக்க இன்னிக்கு நீதான் ஆளு."

கோதண்டன் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, குப்பமே பார்க்க, அண்ணியின் பின்னால் உட்கார்ந்து எளாவூருக்குப் போனான்.