அம்புக்குறி போட்ட வாழ்த்து பேனர்

பாலாற்றில் திருட்டு மணல் அள்ளும் லாரிகளைப் படம் எடுத்து, என் மனைவி வசந்தி ஆறு வருடமாக மனு போடுகிறாள். ஒவ்வொரு மனுவிலும் 'என் பெயரை வெளியே சொல்ல வேண்டாம்' என்று எழுதுவாள்.

நேற்று அவளுக்குச் சுற்றுச்சூழலுக்கான தேசிய விருது அறிவித்தார்கள்.

இன்று காலை பால் வாங்கப் போனேன். ஓரிக்கை திருப்பத்தில் எட்டடி பேனர். பட்டுப்புடவையில் வசந்தி சிரிக்கிறாள். கீழே எங்கள் தெருப் பெயர், கதவு எண், வழிகாட்ட ஓர் அம்புக்குறி. கோயில் உற்சவத்துக்கு வைக்கிற மாதிரியே தெருக்காரர்கள் ஆசையாக வைத்துவிட்டார்கள்.

அதன் எதிரில் ஒரு மணல் லாரி. டிரைவர் இறங்கி பேனரைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்தக்கா வூட்ல இப்ப இருப்பாங்களாபா?" என்று என்னிடமே கேட்டார்.

"தெரியலைங்க. எதுக்கு?"

"இத்தினி வருசமா யாருன்னு தேடிக்கினு இருந்தோம். நேர்ல வந்து சால்வை போடணும்னு ஓனர் சொல்லிக்கிறாரு."

அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் நடந்து, ஊரைச் சுற்றி வீடு வந்தேன். பால் திரிந்துவிட்டது.

பேனரைக் கழற்ற ஏணி வேண்டும், யாரிடம் இருக்கிறது?

வாழ்த்துகளைக் கமெண்டிலேயே சொல்லிவிடுங்கள். சால்வையோடு யார் வந்தாலும் கதவு திறக்காது.