குசினி யன்னல்

எங்கள் மாடிவீட்டில் குசினி யன்னலைத் திறந்தால் கடல் தெரியாது. கொழும்பில், வெள்ளவத்தையில் வீடு என்றதும் வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கடலைத்தான் கேட்பார்கள். தெரிவது அடுத்த வீட்டுக் குசினி யன்னல். இரண்டு வீட்டுக்கும் நடுவே, வெளிச்சம் வரட்டும் என்று மேலிருந்து கீழ் வரை ஒரு இடுக்கு விட்டிருக்கிறார்கள். அங்கே கடுகு வெடித்தால் இங்கே கேட்கும். அந்த இடுக்கால்தான் என் நிம்மதி போனது.

அடுத்த வீட்டுக்காரிக்கு ஒரே மகள். கலியாணம் முடித்து துபாயில் இருக்கிறாள். வேலையால் வந்து உடுப்பு மாற்றியதும் தாயைக் கூப்பிடுவாள். அவள் அங்கே போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டுச் சமைப்பாள். தாய் இங்கே போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்துவிட்டுச் சமைப்பாள். பிறகு தொடங்கும் கதை. பஸ்ஸில் சீட் கிடைக்காத கதை, மருமகன் பாகற்காயைத் தட்டில் ஓரமாக ஒதுக்கிய கதை, புதுச் செருப்பு காலைக் கடித்த கதை. நான் இந்தப் பக்கம் மா அரிப்பது போல அரிதட்டைத் தட்டிக்கொண்டு நிற்பேன். சில நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசமாட்டார்கள். வெங்காயம் வெட்டுகிற சத்தம் மட்டும் வரும். பேசாமலே போனை வைத்துக்கொண்டு இருக்கிறார்களே, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

பொறாமைதான். வேறு பெயர் வைத்து அதை அழகாக்க எனக்குத் தெரியாது.

எனக்கும் ஒரே மகள். லண்டனில் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் கூப்பிடுவாள். எங்கள் கதை எப்படிப் போகும் என்று எனக்கு மனப்பாடம்.

"சாப்பிட்டியே பிள்ளை?"

"ஓம் அம்மா. நீங்கள்?"

"ஓம். அங்க குளிரோ?"

"கொஞ்சம்."

"தூள் இருக்கோ? என்ன வேணும் சொல்லு. ஆரும் அங்க வருகினமோ, குடுத்துவிடுறன்?"

"எல்லாம் இருக்கு அம்மா. அப்பாட்டக் குடுங்கோ."

அவர் வாங்கி, "ஓம் பிள்ளை, சரி பிள்ளை" என்று வைத்துவிடுவார். தேத்தண்ணீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த நேரம் பார்த்து இடுக்கால் ஒரு சிரிப்புச் சத்தம் வரும் பாருங்கள், தேத்தண்ணீரே கசக்கும்.

அடுத்த வீட்டுக்காரி கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். ஹட்டன் பக்கம் பிறந்து, கொட்டாஞ்சேனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, மகளை அனுப்பிய பிறகு புருஷனோடு இந்த மாடிக்குக் குடிவந்தவள். வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறி கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போய்வருவாள். வரும்போது எனக்கென்று உழுந்து வடையும் ஒரு முழம் மல்லிகையும் கொண்டுவந்து தருவாள். லிப்டுக்குப் பக்கத்தில் நின்று நாங்கள் இரண்டு பேரும் கதைப்போம். தேங்காய் விற்கிற விலை, தண்ணீர் மோட்டார் போடுகிற சத்தம், எந்தக் கடைப் பாணில் உப்பில்லை, எல்லாம் கதைப்போம். கடைசியில் அவள் கேட்பாள்:

"மக பேசுனாங்களாக்கா?"

அன்பாகத்தான் கேட்பாள். எனக்கு அது ஊசியாக இறங்கும்.

"பேசாமல்? இப்பத்தான் வைச்சவள்" என்பேன். அன்றைக்கு செவ்வாய்க்கிழமையாக இருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவளை நான் வென்றிருந்தேன். பார்சல். இந்த ஒழுங்கையில் என்னைப் போல் பார்சல் கட்டுகிறவர்கள் கிடையாது. செத்தல் மிளகாயைக் காம்பு கிள்ளி வெயிலில் காயவைத்து, மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்தெடுப்பேன். அன்றைக்கு மாடி முழுவதும் தும்மும். பிறகு மில்லுக்குப் போவேன். எனக்கு முன்னால் ஆருடைய மிளகாய் அரைபட்டது என்று பார்த்து, கல்லைத் துடைக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று அரைப்பித்து வருவேன். தூள், மோர் மிளகாய், வேப்பம்பூ வடகம், தட்டை வடை, எள்ளுப்பாகு. பஸ் ஓடுகிற காலி வீதியில் உள்ள பார்சல் கடைப் பெடியன் என்னைக் கண்டதும் பெட்டியை எடுத்து வைத்துவிடுவான். மகள் வாய் திறந்து கேட்டது மட்டுமில்லை, கேட்க நினைத்ததையும் நான் அனுப்பியிருக்கிறேன். ஒருமுறை சொதி சரிவரவில்லை என்று சொன்னாள். அடுத்த கிழமையே தேங்காய்ப்பால் மா பைக்கற்றுகளை அடுக்கி அனுப்பிவிட்டேன்.

அடுத்த வீட்டுக்காரி மகளுக்கு ஒரு கடுகு அனுப்பி நான் காணவில்லை.

"நீங்கள் ஒண்டும் அனுப்புறேல்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன். அவளுடைய முகத்தைப் பார்க்கத்தான் கேட்டேன்.

"எல்லாம் அங்கேயே கிடைக்குதுக்கா. எப்படிச் செய்யிறதுன்னுதான் கேட்பா. சொல்லிக் குடுப்பேன்."

பாவம், இவளுக்குப் பிள்ளைக்குச் செய்கிற வகை தெரியாது என்று எனக்குள்ளே ஒரு சந்தோஷம்.

அவர்களைப் போலச் செய்து பார்க்கவும் நான் முயன்றேன். ஒரு சனிக்கிழமை, "போனைக் குசினிக்குக் கொண்டுபோய் வையன் பிள்ளை, நீ சமைக்கிறதைப் பார்ப்பம்" என்றேன். வைத்தாள். முதலில் கூரை தெரிந்தது. பிறகு அவளுடைய அடுப்பும் ஒரு சட்டியும் தெரிந்தன.

"என்ன அது, சட்டி அடிப்பிடிச்சுக் கறுத்துப்போய்க் கிடக்கு? உந்தச் சட்டியிலயே சமைக்கிறாய்? எறி. நான் நல்லதொண்டு வாங்கி அனுப்புறன்."

"சரி அம்மா" என்றாள். போன் இருட்டாகிவிட்டது. அடுத்த கிழமை புதுச் சட்டி பார்சலில் போனது.

இது இப்படியே இழுபட்டுக்கொண்டிருந்த போதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. மகள் வழமையைவிட முந்திக் கூப்பிட்டாள். "வேலை கிடக்கு அம்மா, பிறகு கதைக்கிறன்" என்று அவசரமாக வைத்துவிட்டாள். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு குசினிக்குள் போய் இரவுச் சாப்பாட்டுக்கு மாக் குழைக்கத் தொடங்கினேன். எதிரே யன்னல் திறந்திருந்தது. அரிசி டின்னும் போனும் தெரிந்தன. போனில் இருந்த முகம் தெரியவில்லை. குரல் கேட்டது.

"அன்ரி, திரும்பவும் திரைஞ்சு போச்சு!"

துபாய்ப் பிள்ளை இப்படிக் கதைக்கமாட்டாள். அவள் தாயை அம்மா என்பாள். பால் திரிந்தால் திரைந்துவிட்டது என்று அவர்கள் பக்கம் சொல்லவும் மாட்டார்கள். என் கை மாவுக்குள்ளேயே நின்றது. அது என் மகள்.

போன ஆவணியில் மகள் லீவுக்கு வந்திருந்தபோது அவளும் அடுத்த வீட்டுக்காரியும் லிப்டடியில் நின்று சிரித்துக் கதைத்தது ஞாபகத்துக்கு வந்தது. அப்போது நம்பர் வாங்கியிருக்க வேண்டும்.

"கொதிக்கக் கொதிக்கப் புளி விட்டீங்களா புள்ள?" இது அடுத்த வீட்டுக்காரி.

"ஓம்."

"அதான். அடுப்ப நிப்பாட்டிட்டு, சூடு கொஞ்சம் அடங்கட்டும். அப்புறமா விடுங்க. தக்காளி ஒண்ணும் வெட்டிப் போடுங்க, நல்லா இருக்கும்."

தக்காளி! எங்கள் வீட்டுச் சொதியில் தக்காளியா? வெந்தயமும் பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டு, பாலை விட்டு, இறக்கித் தேசிக்காய்ப்புளி விடுகிறதுதான் சொதி. என் பிள்ளைக்குச் சொதி சொல்லிக் கொடுக்க இவள் ஆர்? யன்னலால் எட்டி ஒரு சத்தம் போட்டிருப்பேன். வாய் வரவில்லை. ஏனென்றால் என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். சட்டியை எடுக்கப் போய்க் கையைச் சுட்டதை, மேல் வீட்டுக்காரன் பாட்டுப் போட்டுக் குதிப்பதை, தலைமயிர் கொட்டுவதை, எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். தலைமயிர் கொட்டுவது எனக்குத் தெரியாது. பெற்ற எனக்குத் தெரியாது.

"இதெல்லாம் அம்மாகிட்டயே கேட்கலாமே புள்ள? அக்கா எவ்வளவு நல்லாச் சமைப்பாங்க."

"அம்மாட்டக் கேட்டால் பார்சல்தான் அன்ரி வரும். கதை வராது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கரண்டி கழுவுகிற சத்தத்தோடு, மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். நான் மாவை அப்படியே மூடி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு இரவு இடியப்பம் இல்லை. கடைப் பாண்தான்.

"ஏன், மாக் குழைச்சனீர்தானே?" என்றார் இவர்.

"மா சரியில்லை."

"சட்டி சரியில்லை, மா சரியில்லை. நாளைக்கு நான் சரியில்லை எண்டு என்னையும் பார்சலில போட்டு அனுப்பிப் போடாதேயும்."

வேறு நாளென்றால் சிரித்திருப்பேன். அன்றைக்கு எழும்பிப் போய்விட்டேன். கோபம்தான். மகள் மீது இல்லை, அடுத்த வீட்டுக்காரி மீதுதான். துபாயில் ஒருத்தி இருக்கிறாளே, அவள் போதாதா? லண்டனையும் எடுக்க வேண்டுமா?

அந்த வெள்ளிக்கிழமை அவள் வடையும் மல்லிகையும் கொண்டு வந்தாள். "எண்ணெய்ச் சாப்பாடு குறைச்சிருக்கிறம்" என்று கதவைப் பாதி திறந்தபடியே சொன்னேன். உள்ளே அவர், "ஆர் குறைச்சது?" என்று கேட்டதும் அவளுக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் சிரித்த முகம் மாறாமல் சொன்னாள்:

"உங்க மக சொதி வச்சாங்களேக்கா, சொன்னாங்களா? நல்லா வந்துச்சாம். நீங்க சொல்லித்தான் என்னையக் கூப்பிட்டாங்கன்னு நெனச்சேன்."

"ஓம், ஓம். நான்தான் சொன்னனான்" என்றேன். வேறு என்ன சொல்வது? கதவை மூடியபின் அந்த மல்லிகை வாசம் வீட்டுக்குள் கனநேரம் நின்றது.

அந்தக் கிழமை நான் புதுத்தூள் அரைப்பித்து, பெட்டியில் கட்டி, கதவடியில் வைத்திருந்தேன். கோபத்தில் வறுத்ததில் கைமணம் இன்னும் கூடியிருந்தது. சனிக்கிழமை மகள் கூப்பிட்டாள். சாப்பாடு கேட்டேன், குளிர் கேட்டேன். அவளாகவே சொன்னாள்:

"அம்மா, தூள் முடியப் போகுது."

பெட்டி என் காலடியில் இருந்தது. திங்கட்கிழமை அனுப்புறன் என்று சொல்ல வாய் எழும்பியது. அதைச் சொன்னால் அடுத்த சொல் அப்பாவிடம் கொடுங்கோ என்பதுதான். கதை என்னிடம் வராது, இடுக்கால் அந்தப் பக்கம் போய்விடும்.

"நான் அனுப்பமாட்டன்" என்றேன்.

"ஏன் அம்மா, சுகமில்லையோ?"

"நான் நல்லாத்தான் இருக்கிறன். செத்தல் மிளகாய் இருக்கோ? மல்லி இருக்கோ? சட்டியை அடுப்பில வை. போனைச் சாய்ச்சு வை. நான் சொல்லுறன், நீ வறு."

"நானோ? இப்பவோ?"

"பின்னை? நானும் குசினிக்குத்தான் போறன்."

போனை எங்கள் அரிசி டின்னில் சாய்த்து வைத்தேன். அங்கே சட்டி தெரிந்தது. நான் அனுப்பிய சட்டி இல்லை, அந்தக் கறுத்துப்போன சட்டிதான். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். மல்லியை வறுக்கச் சொன்னேன். வாசம் வந்ததும் இறக்கச் சொன்னேன். "எப்படி வாசம் வரும் அம்மா?" என்று கேட்டாள். அதைச் சொல்லத் தெரியாமல் நான் தடுமாறினதைப் பார்த்துச் சிரித்தாள். மிளகாய் போட்டதும் தும்மத் தொடங்கினாள். கூரையில் புகை மணி அடித்தது. துவாயை வீசிக்கொண்டு, "அம்மா, மேல் வீட்டுக்காரன் சண்டைக்கு வரப்போறான்!" என்று கத்தினாள். "ஆர் அவன், பாட்டுப் போட்டுக் குதிக்கிறவனோ?" என்று கேட்க வந்து, நல்ல காலம், அடக்கிக்கொண்டேன். "ஆரது?" என்று மட்டும் கேட்டேன். அவள் சொன்னாள், முதலில் இருந்து எல்லாம் சொன்னாள். எனக்கு எல்லாமே புதுக்கதை என்பது போலக் கேட்டுக்கொண்டு நின்றேன். தலைமயிர் கதையும் வந்தது.

அப்போதுதான் எதிர் யன்னலில் அவளுடைய தலை தெரிந்தது.

"அக்கா, மகளா பேசுறாங்க? இந்த வாரமும் சொதி நல்லா வந்துச்சான்னு நானும் ஒரு வார்த்தை…"

மகள் அங்கே வறுக்கிற கையை நிறுத்தினாள். "அம்மா, அது அன்ரியோட குரலோ?"

"இல்லைப் பிள்ளை, ரேடியோ" என்றேன். எதிரே பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, காற்று வருகிறது என்று கையால் காட்டி, யன்னலை இழுத்துச் சாத்தினேன். "நீ சொல்லு. பிறகு?"