நாலு மூலையும் கறுத்த கார்டு

“...தொடாதேமே, அது அங்கியே கெடக்கட்டும். உங்க மாமா ஷிப்டு முடிஞ்சி மேல ஏறி வரட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றார் என் மாமியார்.

அது என்றது ஒரு தபால் கார்டை. எங்கள் மூங்கில் தட்டி வீட்டுக்கு வெளியே, துணி துவைக்கிற கல்லின் மேல் கிடந்தது. தபால்காரர் எப்போதும் வாசலில் நின்று கூப்பிட்டுக் கையில் கொடுத்து, ஒரு வாய் தண்ணீரும் கேட்டு வாங்கிக் குடிக்கிறவர். அன்றைக்கு எங்கள் முகத்தைப் பார்க்காமல் கல்லின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். கார்டின் நாலு மூலையும் கறுத்திருந்தது.

கல்யாணக் கடிதாசி என்றால் மூலையில் மஞ்சள். சாவுக் கடிதாசி என்றால் கறுப்பு. எழுத்து தெரியாதவர்களும் இந்த இரண்டையும் படித்துவிடுவார்கள். கறுப்பு வைத்து வந்தது வீட்டுக்குள் நுழையக்கூடாது. வெளியே நின்று படித்து, கிழித்துப் போட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும்.

எங்களுக்குக் கார்டு போடுகிற ஆள் உலகத்தில் ஒருத்தர்தான். என் வீட்டுக்காரர். பெங்களூர்ப் பட்டாளத்தில் ரெக்ரூட்டாகச் சேர்ந்து அப்போது ஏழு மாசம்.

அதற்கு முன்னால் அவர் எங்கள் ஊரிகத்துத் தங்கச் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கிற ஆட்களோடு இறங்கிக்கொண்டிருந்தவர். ஆளை இறக்குகிற கேஜ் கூண்டு கீழே போகும்போதெல்லாம் “நான் எறங்கிடறேன், என் வயிறு மட்டும் மேலயே நின்னுக்குது” என்பார். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், பாறை உடைக்கத் தெரிந்தவன் என்றால் சந்தோஷமாக எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு போய், மார்பு அளவு கொடுத்துவிட்டு வந்தார். அத்தை மூன்று நாள் அவரோடு பேசவில்லை. எதிர் வீட்டு அக்காதான் அத்தைக்காகவும் சேர்த்துப் பேசினாள்.

“பூமிக்குள்ள போனவன் சாயங்காலம் கேஜுல ஏறி வந்துடறான். பட்டாளத்துக்குப் போனவன் ஏறி வர்றதுக்குக் கேஜு எங்க வெச்சிருக்காங்க?”

அந்த அக்கா வாயில் எது விழுந்தாலும் நான் பொறுக்கி வைத்துக்கொள்வேன். இன்றைக்கு வரைக்கும் அவள் பேச்சுதான் எனக்குக் கைம்மருந்து.

டிரில் முடிகிற வரைக்கும் ரெக்ரூட்டுக்கு லீவு கிடையாது. மாசம் ஒரு கார்டு வரும். சர்ச்சு உபதேசியார் வந்து படித்துச் சொல்வார். நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள்தான், ஆனாலும் எங்கள் லைன் வீடுகளுக்கெல்லாம் எழுத்து என்றால் அவர்தான். அவர் உட்கார்ந்ததும் லைனே வந்து சுற்றி உட்கார்ந்துவிடும். ஒரு தரம், “இடது கால், வலது கால் என்று சொல்லி எங்களுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள்” என்று எழுதியிருந்தார்.

“இருவது வருசமா நம்ம முன்னால நடந்தவன்தானே. அதுல இன்னா தப்பாம்?” என்றாள் எதிர் வீட்டு அக்கா. உபதேசியாருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

பதில் எழுதுகிறபோதும் அதே கூட்டம். கறி போடறாங்களா கேளுங்க, வெள்ளைக்காரன் அடிக்கிறானா கேளுங்க, எங்க மாடு கன்னு போட்டதைச் சொல்லுங்க என்று ஆளுக்கு ஒரு வார்த்தை. என் முறை வருவதற்குள் கார்டில் இடம் தீர்ந்துவிடும். ‘வீட்டில் எல்லோரும் சவுக்கியம்’ என்று எழுதுவாரே, அந்த எல்லோரில் நானும் ஒருத்தியாகப் பெங்களூர் போய்ச் சேருவேன்.

அதில்தான் எனக்குப் பிடிவாதம் வந்தது. உபதேசியார் படிக்கும்போதே கார்டு முழுவதையும் மனப்பாடம் செய்துகொள்வேன். மறுநாள் மத்தியானம் அத்தை தலை சாய்த்ததும் கார்டை எடுத்து, மனசில் இருக்கிற வார்த்தையை வாயால் சொல்லிக்கொண்டு, விரலால் எழுத்தின் மேல் போவேன். முதலில் பிடிபட்டது ‘அம்மா’. அடிக்கடி வருகிற வார்த்தை அதுதான். ‘மா’ தெரிந்ததும் பக்கத்து ஊர் மாரிகுப்பத்தின் முதல் எழுத்து என் கைக்கு வந்தது. இப்படியே ஆறு கார்டு. என் பள்ளிக்கூடம் அவ்வளவுதான், வாத்தியார் பெங்களூரில் இருந்தார், அவருக்கே அது தெரியாது. வீட்டில் ஒருத்தரிடமும் நான் சொல்லவில்லை. மருமகள் எழுத்துக் கூட்டுகிறாள் என்றால், “இவ இன்னா கலெக்டர் வேலைக்குப் போகப்போறாளா” என்று லைன் முழுக்கப் பேச்சாகிவிடும்.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

உபதேசியார் நந்திதுர்க் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தார், பொழுது சாய்ந்துதான் வருவார். மாமா சுரங்கத்துக்குள். கறுப்பு மூலைச் சங்கதி அதற்குள் லைன் முழுக்கப் போய், பெண்கள் வந்து நின்றுவிட்டார்கள். எதிர் வீட்டு அக்கா ஒப்பாரிக்குக் கொண்டையை அவிழ்த்தே விட்டாள்.

“இன்னாமே, அதுக்குள்ளயா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “கார்டுதானே வந்திருக்குது. பெரிய விசயம்னா தந்தி குடுத்திருப்பாங்க.”

“தந்தி வெள்ளைக்காரனுக்கு. நமக்குக் கார்டுதான்” என்றாள் அக்கா.

அத்தை கல்லுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். நான் கிட்டே போய், “அத்தை, மாமா வர்றதுக்கு மூணு மணி ஆவுமே” என்றேன்.

“ஆவட்டும். அது வரைக்கும் எம்புள்ளெ இருக்கான், இல்லெ? அது வரைக்கும் இருக்கட்டும்.”

ஆனால் எனக்கு மூன்று மணி வரைக்கும் பொறுக்காது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீருக்குப் போகிறவள் மாதிரி கல் ஓரமாக நடந்து, குனிந்து பார்த்தேன். விலாசம் எழுதின பக்கம் மேலே இருந்தது. அது இங்கிலீஷ், பட்டாளத்து ரைட்டர் எழுதுவது, எனக்கு ஒன்றும் ஓடாது. மூலையைப் பார்த்தேன். சாவுக் கடிதாசிக்கு மையில் கோடு இழுப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். இதில் கோடு இல்லை. கறுப்புக்குள்ளே ரேகை இருந்தது. சுழி சுழியாக, ஒரு பெருவிரல் அகலத்துக்கு ரேகை.

குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கார்டைப் புரட்டினேன்.

“ஏய்” என்றார் அத்தை. அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. வரி போகப் போக மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஆறு கார்டிலும் அப்படித்தான், மேட்டில் ஏறுகிற மாதிரி எழுதுகிற கை அவர் கை. செத்தவர் உட்கார்ந்து கார்டு எழுத மாட்டார்.

“அவரே எழுதியிருக்கார், அத்தை.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

நான் படிக்க ஆரம்பித்தேன். மனப்பாடம் செய்யாத ஒன்றை நான் படித்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு எழுத்தாகக் காலை வைத்து வைத்துப் போனேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நமஸ்காரம். நான் சவுக்கியம். வெள்ளிக்கிழமை எங்களைப் பாலம் கட்டப் பழக்குவதற்காக ரயிலில் கூட்டிப் போகிறார்கள். பௌரிங்பேட்டையில் பகல் இரண்டு மணிக்கு இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும். இறங்கவிட மாட்டார்கள், ஆனால் ஜன்னலில் பார்க்கலாம். அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

‘அவளையும்’ என்ற வார்த்தையை இரண்டு தரம் படித்தேன். தடுமாறிப் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கறுப்பு எப்படி வந்தது என்பதை அன்றைக்கு ரயில் ஜன்னலுக்குள்ளிருந்து அவரே சொன்னார். மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன் என்று பூட்ஸுக்கு மை போட்டுக்கொண்டிருந்தாராம். தபால் கட்டுகிற நேரமாகிவிட்டது என்றதும், அதே கையோடு கார்டை எழுதி, ஈரம் காய்வதற்காக இந்த மூலையைப் பிடித்து ஆட்டி, அந்த மூலையைப் பிடித்து ஆட்டி, ஓடிப்போய் விலாசம் எழுத ரைட்டரிடம் கொடுத்திருக்கிறார். நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். மொட்டை மாதிரி தலையை வெட்டிவிட்டிருந்தார்கள். காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. ஆள் நன்றாக இருந்தார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. படித்து முடித்தபோது லைன் பெண்கள் என்னைச் சுற்றி நெருங்கி நின்றிருந்தார்கள்.

“இன்னிக்கு இன்னா கெழமெ?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“வெள்ளி” என்றாள் எதிர் வீட்டு அக்கா, அவிழ்த்த கொண்டையை ஒன்றும் நடக்காதவள் போல முடிந்துகொண்டே.

பன்னிரண்டு மணிச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. மாரிகுப்பத்திலிருந்து கிளம்புகிற வண்டி ஊரிகத்துக்கு வருகிற நேரம். அதை விட்டால் பௌரிங்பேட்டைக்கு இரண்டு மணிக்குள் போய்ச் சேர வேறு வழி இல்லை. மாமா மேலே வருவதோ மூன்று மணிக்கு. அவரைக் கேட்காமல் அத்தை அடுத்த லைனுக்குக்கூடப் போனது கிடையாது.

அத்தை எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். எழுத்து எங்கே கற்றேன் என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“அம்மான்னு எங்க எழுதியிருக்கான்?”

காட்டினேன். அதன் மேல் விரல் வைத்துப் பார்த்தார்.

“உம்பேரு எங்க?”

“பேரு இல்லெ, அத்தை. ‘அவளையும்’னு போட்டிருக்கார்.” அதையும் காட்டினேன்.

“பேரைச் சொல்ல வெக்கம் நாய்க்கு” என்றார். அந்த ஏழு மாசத்தில் அவர் மகனைத் திட்டினது அதுதான் முதல் தடவை.

“யக்கா, மாமா வந்து கேட்டார்னா நாங்க இன்னா சொல்றது?” என்றாள் எதிர் வீட்டு அக்கா.

அத்தை புடவையைக் கெண்டைக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, கார்டோடு சேர்த்து என் கையைப் பிடித்து, ஊரிகம் ஸ்டேஷனைப் பார்த்து ஓடத் தொடங்கினார்.